விடுதியா, வீடா: நடுவயதில் பார்வை இழந்தவர் எங்கே பயிற்சி பெறுவது?

என் அண்ணனுக்கு வயது 47. மதுரை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கண் நீர் அழுத்த நோய் இரண்டு கண்களிலும் பார்வை நரம்பை அரித்துவிட்டதால், நேர் எதிரே இருப்பது மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் அவருக்குத் தெரிகிறது; பொழுது சாய்ந்தால் அதுவும் மங்கிவிடுகிறது. இழந்த பார்வை திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி மருத்துவத்தைப் பற்றியது அல்ல. கோல் பிடித்து நடக்கவும், அடுப்பில் பால் காய்ச்சவும், கல்லாவில் உட்கார்ந்து பணம் வாங்கவும், போனைக் காதால் இயக்கவும் அவர் எங்கே போய், யாரிடம் கற்றுக்கொள்வது என்பதுதான் கேள்வி. அவருக்காக இரண்டு மாதம் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை, அதே இடத்தில் நின்று யோசிக்கும் மற்றவர்களுக்காக இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எந்த வழியில் போனாலும் முதலில் கையில் இருக்க வேண்டியது மாற்றுத்திறனாளி சான்றும் அடையாள அட்டையும் என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண் நீர் அழுத்த நோய் வந்தவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை படித்துவிடுகிறார், இவருக்கு என்ன குறை என்று திருப்பி அனுப்பிவிடுவது உண்டு. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, எழுத்தைப் படிக்கும் கூர்மையை மட்டும் அளவுகோலாக வைக்கவில்லை. பார்வைப் புலம், அதாவது தலையைத் திருப்பாமல் ஒரே நேரத்தில் காண முடிகிற பரப்பு, 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்கியிருந்தால் அது குறைபார்வை என்றும், 10 பாகைக்கும் கீழே போனால் பார்வையின்மை என்றும் அந்தச் சட்டமே வரையறுக்கிறது. ஆகவே மருத்துவக் குழுவின் முன் போகும்போது அந்தப் புலத்தை அளந்து அண்மையில் எடுத்த ஃபீல்டு டெஸ்ட் தாள்களை மேலே வைத்துக்கொண்டு போக வேண்டும். பார்வையை முற்றிலும் இழந்தவர் என்று சான்று இருந்தால் ரயிலில் படுக்கை வகுப்புக் கட்டணத்தில் அவருக்கும் உடன் செல்பவருக்கும் 75 விழுக்காடு சலுகை உண்டு. பயிற்சிக்காக அலைய வேண்டியிருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன உதவி அல்ல.

இனி வழிகளைப் பார்ப்போம். பெயர்கள் பலவாக இருந்தாலும் சொல்லித் தரப்படுவது ஏறக்குறைய ஒன்றுதான்: கோலோடு நடமாடுவது, வீட்டு வேலைகளைக் கையாலும் காதாலும் செய்வது, படிக்கவும் எழுதவும் கணக்கு வைக்கவும் ஒரு மாற்று வழி, இவற்றோடு பார்வை போன துயரத்திலிருந்து எழுந்து நிற்க ஒரு துணை. எங்கே, எத்தனை நாள், யாருக்கு நடுவில் இவற்றைக் கற்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

முதல் வழி, விடுதியில் தங்கிப் படிப்பது. இந்தியாவில் இதற்கு மூத்த நிறுவனம் டேராடூனில் உள்ள தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனம். அதன் மண்டல மையம் சென்னையை அடுத்த பூந்தமல்லியில் இருக்கிறது. டேராடூன் நிறுவனத்தின் வேர், இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களுக்காக 1943இல் அங்கே தொடங்கப்பட்ட செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி. வயது வந்த பார்வையற்றோருக்கான பயிற்சி மையம் 1950இல் வந்தது. இன்று உலகமெங்கும் சொல்லித் தரப்படும் நீளக் கோல் நடையும் அதே போரின் பிள்ளைதான். அமெரிக்காவில் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர், கண்ணிழந்து வந்த வீரர்களுக்காக அதை வகுத்தார். இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இளம் வயது, உடல் வலு, வீட்டையும் ஊரையும் விட்டு முகாமில் கிடந்து பழகிய வாழ்க்கை ஆகிய மூன்றும் உள்ளவர்களை மனத்தில் வைத்து உருவான ஏற்பாடு அது. அதன் பலமும் பலவீனமும் அங்கிருந்தே வருகின்றன.

பலத்தை முதலில் சொல்கிறேன். எங்கள் அண்ணி நல்லவர். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தால் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். செருப்பைக் காலருகே கொண்டுவந்து போடுவார். சோற்றைப் பிசைந்தே தட்டில் வைப்பார். ஒருநாள் அண்ணன் தானே டீ ஊற்றிக்கொள்கிறேன் என்று பாத்திரத்தை எடுத்தார். கண் தெரியாதவர்கள் தண்ணீரை டம்ளரில் ஊற்றும்போது விளிம்புக்குள் விரல் நுனியை விட்டு அளவு பார்ப்பார்கள். கொதிக்கும் டீக்கு அது ஆகாது. டம்ளர் நிறைய நிறைய ஊற்றும் ஓசை கனத்திலிருந்து மெலிந்து மேலேறும். கையில் எடையும் கூடும். இரண்டையும் சேர்த்து நிதானிக்க வேண்டும். பத்துத் தடவை சிந்தினால் பதினொன்றாம் தடவை வந்துவிடும் வித்தைதான். ஆனால் அண்ணன் முதல் தடவை சிந்தியபோதே அண்ணி பாத்திரத்தை வாங்கிவிட்டார். பதினொன்றாம் தடவை எங்கள் வீட்டில் வரவே போவதில்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

விடுதியில் பாத்திரத்தை வாங்க ஆள் இல்லை. சிந்தினால் துடைக்கத் துணி கிடைக்கும், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் பார்வையற்றவர். சொல்லித் தரும் ஆசிரியரே பல சமயம் பார்வையற்றவர். கண் தெரியாத ஒருவர் தன் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறி வேலைக்கு வருவதைப் பக்கத்தில் இருந்து அறிவது, எந்த ஆலோசகரின் தேறுதல் மொழியையும்விட ஆழமாக இறங்கும். காலையும் மாலையும் அதே பயிற்சி என்பதால் கை விரைவில் பழகுகிறது. என் மதிப்பீட்டில் விடுதி தரும் பெரிய சேவை பாடத்திட்டம் அல்ல. நம்மை நேசிப்பவர்களின் கைகளிலிருந்து சில மாதங்களுக்கு நம்மைப் பிரித்து வைப்பதே. கேட்கக் கொடுமையாக இருந்தாலும் அது உண்மை.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 1985இல் தொடங்கிய பார்வையற்றோர் மையம் இந்த முறையை அதன் எல்லை வரை கொண்டுபோயிருக்கிறது. ஓரளவு பார்வை உள்ளவர்களும் பயிற்சி நேரம் முழுவதும் கண்ணை மூடித் திரை கட்டிக்கொள்ள வேண்டும்; படிப்பை முடிப்பதற்குள் 40 பேருக்குச் சமைத்துப் போட வேண்டும்; ஊருக்குள் எங்கோ ஓரிடத்தில் இறக்கிவிடப்பட்டு, தானே மையத்துக்குத் திரும்ப வேண்டும். அண்ணனைப் போல மிச்சப் பார்வையை நம்பி நடந்து, அந்தப் பார்வையும் நாளுக்கு நாள் குறைந்துவரும் ஒருவருக்கு இந்தக் கண்கட்டு முறையில் பெரிய நியாயம் இருப்பதாக நினைக்கிறேன். இருப்பதை நம்பியே கற்றால், அது போகும் அன்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

விடுதியின் குறைகள் மூன்று. முதலாவது, வளாகத்தின் பாதை நம் தெரு அல்ல. கைப்பிடிக் கம்பியும் சமதளமும் உள்ள இடத்தில் நன்றாக நடந்தவர், ஊருக்குத் திரும்பியதும் திறந்த சாக்கடைக்கும் குறுக்கே நிறுத்திய இருசக்கர வண்டிக்கும் வாசலில் கட்டிய மாட்டுக் கயிற்றுக்கும் இடையில் திகைத்து நின்றுவிடுகிறார். இரண்டாவது, வருமானம். அரசு நிறுவனங்களில் கட்டணம் பெரிய பாரம் அல்ல; கடையைச் சில மாதம் பூட்டிப் போடுவதே உண்மையான செலவு. கடன் வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டால் திரும்பி வருவது கடினம் என்று அண்ணன் சொன்னதை நான் மறுக்கவில்லை. மூன்றாவது, சேர்க்கை. வயது வரம்பு படிப்புக்குப் படிப்பு மாறும். பல படிப்புகள் வேலைக்குப் போகும் வயதினரையே குறிவைக்கின்றன. வயதான தாய் தந்தையரையோ பள்ளிப் பிள்ளைகளையோ வைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் விடுதிக்குப் போவதை எத்தனை குடும்பங்கள் ஒப்புக்கொள்ளும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இரண்டாவது வழி, பயிற்றுநர் வீடு தேடி வருவது. இதற்கும் பழைய வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இளம் வயதிலேயே பார்வை இழந்த வில்லியம் மூன் என்பவர், அன்று புழக்கத்தில் இருந்த புடைப்பு எழுத்துகள் பிடிபடாத விரல்களுக்கென்று எளிய புடைப்புக் கோடுகளால் ஆன எழுத்துமுறை ஒன்றை 1845இல் உருவாக்கினார். அதைக் கற்பிக்க ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். இது போர்வீரருக்காக அல்ல, வீட்டை விட்டு நகர முடியாத முதியவருக்காகப் பிறந்த ஏற்பாடு. இந்தியா 2007இல் ஏற்று ஒப்பமிட்டு உறுதிசெய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26ஆம் பிரிவும், மறுவாழ்வுச் சேவைகள் முடிந்தவரை விரைவில் தொடங்க வேண்டும், கிராமப்புறம் உட்பட மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே கிடைக்க வேண்டும் என்கிறது.

எங்களிடம் ஒரு தொண்டு அமைப்பிலிருந்து பயிற்றுநர் ஒருவர் பார்த்துப்போக வந்தார். வந்தவர் அண்ணனை எங்கும் அழைத்துப் போகவில்லை. வாசற்படியில் நிற்கவைத்து, என்னென்ன ஓசை கேட்கிறது என்று மட்டும் கேட்டார். மாவு மில் இடப்புறம், தேநீர்க் கடை ரேடியோ வலப்புறம், நேர் எதிரே ஓசை எதுவும் இல்லை, ஆனால் முகத்தில் காற்று படுகிறது என்றார் அண்ணன். காற்று படும் இடம்தான் சந்து, அதுதான் கடைக்குப் போகும் வழி என்றார் பயிற்றுநர். பிறகு கோலைக் கொடுத்தார். வலது கால் முன்னே போகும்போது கோல் நுனி இடப்புறம் தொட வேண்டும், இடது கால் போகும்போது வலப்புறம். அப்போதுதான் அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்துச் சொல்லும். வீச்சு தோளைவிடச் சற்றே அகலமாக இருந்தால் போதும். கோலின் உயரம் நெஞ்செலும்பு வரை வர வேண்டும் என்பதால், இலவசமாகக் கிடைப்பதை அளந்து பார்க்காமல் வாங்கிக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். நடைபாதையே இல்லாத எங்கள் தெருவில் சாக்கடையின் சிமெண்ட் விளிம்பைக் கோலால் உரசிக்கொண்டே போவதுதான் வழி. அதை எந்த விடுதி வளாகமும் கற்றுத்தராது.

சமையலறையிலும் அப்படித்தான். எங்கள் வீட்டு அடுப்பு, எங்கள் வீட்டுக் குமிழ், அது எந்தக் கோணத்தில் சிம்முக்கு வருகிறது என்பதெல்லாம் இங்கேதான் பழக வேண்டும். பாத்திரத்தை முதலில் வைத்து, தாங்கியின் கால்களைத் தடவி நடுவில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, அதன்பிறகே பற்றவைக்க வேண்டும் என்பது விதி. மிளகாய்த்தூள் டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, மஞ்சள்தூளுக்கு இரண்டு என்று அண்ணியே யோசனை சொன்னார். குடும்பமும் சேர்ந்து கற்பது வீட்டுப் பயிற்சியில் கிடைக்கும் பெரிய ஆதாயம்.

அதன் குறை, பயிற்றுநர் வாரத்தில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் வருகிறார் என்பதே. மீதி நேரமெல்லாம் டீப் பாத்திரம் அண்ணி கையில். தன்னைப் போன்ற இன்னொருவரைச் சந்திக்கவே வாய்ப்பில்லை. இதையெல்லாம்விட, பயிற்சி பெற்ற நடமாட்டப் பயிற்றுநர்கள் மாவட்டங்களில் மிகக் குறைவு. ஒருவர் மாறிப்போனால் பயிற்சி பாதியில் நிற்கும். உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு அரசு நடத்தும் உரிமைகள் திட்டத்தின்கீழ் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறக்கப்பட்டுவரும் விழுதுகள் சேவை மையங்கள் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கக்கூடும். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உங்கள் வட்டாரத்தில் எது செயல்படுகிறது என்று கேளுங்கள். மையம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், பார்வைக்குப் பயிற்றுநர் இருக்கிறாரா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

மூன்றாவது வழி, பெரிய கண் மருத்துவமனைகளில் உள்ள குறைபார்வை மற்றும் மறுவாழ்வுப் பிரிவுகள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, ஐதராபாத் எல்.வி. பிரசாத் போன்றவற்றில் இவை இருக்கின்றன. உருப்பெருக்கி, விளக்கின் இடம், நிற வேறுபாடு ஆகியவற்றால் மிச்சப் பார்வையை அதிகம் பயன்படுத்தச் சொல்லித் தருவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. வெள்ளைச் சோற்றை வெள்ளைத் தட்டில் போடாதீர்கள் என்ற ஒரு வாக்கியத்துக்காகவே போய்வரலாம். ஆனால் ஓரிரு அமர்வுகளில் நடை கைவராது. இதைத் தனி வழியாக எண்ணாமல், மற்ற இரண்டுக்கும் முன்னே வைக்க வேண்டிய முதல் படியாகவே நான் கொள்கிறேன்.

போன் ஒன்று போதும், இந்தப் பயிற்சியெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் ஐபோனில் 2009 முதல் வாய்ஸ்ஓவரும் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்கின்றன. கணினியில் அதே வேலையைச் செய்யும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது; அது இலவசம். ரூபாய் நோட்டை அடையாளம் காண ரிசர்வ் வங்கி 2020இல் மணி என்ற செயலியை வெளியிட்டது. எல்லாம் நல்லவைதான். ஆனால் கடையில் நான்கு பேர் நிற்கும்போது ஒவ்வொரு நோட்டையும் கேமரா முன் காட்டிக்கொண்டிருக்க முடியுமா? அண்ணனுக்குக் கைகொடுத்தது விரல்தான். புதிய வரிசையில் பத்து ரூபாய் 123 மில்லிமீட்டர், இருபது 129, ஐம்பது 135. நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. விரல்களுக்கு நடுவே வைத்து அளக்கப் பழகினால் பத்தும் ஐம்பதும் குழம்பாது. சிக்கல் பழைய நோட்டுகளால்தான்: பழைய பத்து ரூபாய் 137 மில்லிமீட்டர், அதாவது புதிய ஐம்பதைவிட இரண்டு மில்லிமீட்டர்தான் நீளம். அகலத்தையும் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். பழைய பத்துக்கு 63, புதிய ஐம்பதுக்கு 66. இந்த மூன்று மில்லிமீட்டரில் நாற்பது ரூபாய் இருக்கிறது. க்யூஆர் அட்டையோடு வரும் ஒலிப்பெட்டி, வந்த தொகையைச் சத்தமாகச் சொல்லிவிடுவதால், அண்ணன் இப்போதெல்லாம் சில்லறை கேட்பவர்களைவிட ஸ்கேன் செய்பவர்களையே விரும்புகிறார்.

நீரிழிவால் பார்வை போனவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவர்களில் பலருக்கு விரல் நுனியில் உணர்ச்சியும் குறைந்திருக்கும் என்பதால், விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தை மையமாக வைத்த படிப்பு அவர்களைச் சோர்வடையச் செய்யும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் நடைப் பயிற்சியின் வேகமும் மாற வேண்டும். இன்சுலின் பேனாவில் அளவைத் திருகும்போது வரும் சொடுக்கு ஒலியை எண்ணி மருந்து போட்டுக்கொள்ளக் கற்பதே அவர்களுக்கு முதல் பாடமாக இருக்கலாம்.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். விடுதி நல்லதா, வீடு நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. உங்களைத் தடுத்து நிறுத்துவது எது என்று கேட்டால் கிடைக்கும். தடை உங்கள் வீட்டாரின் கைகளிலோ உங்கள் சொந்த அச்சத்திலோ இருந்தால், எத்தனை பயிற்றுநர் வீட்டுக்கு வந்தாலும் பயனில்லை, விடுதிக்குப் போங்கள். முப்பது வயதுக்காரர், இனித்தான் ஒரு தொழிலையோ வேலையையோ தேட வேண்டியவர், தயங்காமல் போகலாம். மாறாக, மனத்திடம் இருக்கிறது, வழிதான் தெரியவில்லை என்பவருக்கும், அறுபதைக் கடந்தவருக்கும், விட்டுப் போக முடியாத கடையோ வயலோ குழந்தையோ உள்ளவருக்கும் வீடே சரி. இரண்டையும் பெறக்கூடியவர் விடுதியை முதலிலும் வீட்டை அடுத்தும் வைக்க வேண்டும். தலைகீழாக வைத்தால், திரும்பி வந்தபின் சொந்தத் தெருவுக்கு ஆள் கிடைக்காது.

எங்கே சேர்வதானாலும் தொலைபேசியில் பேசும்போதே சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். நடைப் பயிற்சி வளாகத்துக்கு வெளியே, போக்குவரத்துள்ள சாலையில் நடக்கிறதா? சமையல் பயிற்சியில் உண்மையாகவே அடுப்புப் பற்றவைக்கிறார்களா, அல்லது காட்டுவதோடு சரியா? நடுவயதில் பார்வை இழந்தவர்கள் எத்தனை பேர் இப்போது படிக்கிறார்கள், அல்லது எல்லாரும் பிறவியிலேயே பார்வையற்ற இளைஞர்களா? ஒரு மையத்தில் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது, எதிர்முனையில் இருந்தவர் சற்று யோசித்துவிட்டு, உங்கள் அண்ணன்தான் முதல் ஆள் என்றார். நேர்மையான பதில், ஆனால் அந்த மையத்தை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

அண்ணன் விஷயத்தில் என் கணக்குப்படி விடுதிதான் சரி, ஏனென்றால் தடை அண்ணியின் கையில் இருக்கிறது. அண்ணன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "கடையைப் பூட்டிட்டுப் போயி நடக்கக் கத்துக்கிட்டு வந்தா, நடந்து போறதுக்குக் கடை இருக்கணும்ல தம்பி" என்றார். கடைசியில் வீட்டுப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு நிபந்தனை வைத்தோம்: பயிற்றுநர் வரும் நாளில் அண்ணி காலையிலேயே தன் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும், அடுப்படி முழுவதும் அண்ணன் பொறுப்பு. தீபாவளி வியாபாரம் முடிந்தபின், குறுகிய காலத்துக்கு எடுத்துக்கொள்ளும் விடுதி கிடைத்தால் போவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை செவ்வாய்க்கிழமைகளில் கடை பதினொரு மணிக்குத்தான் திறக்கும் என்று பலகையில் எழுதி மாட்டியிருக்கிறோம்.